வானொலியில் அறம்: தென்கச்சியாரின் 'இன்று ஒரு தகவல்'

தோற்றுவாய்

பேச்சு என்று ஒன்று உண்டானால் அதற்கு ஓர் அவையும் உண்டு. வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசலில் பயான் செய்யும் ஆலிம் பெருந்தகை, தம்முன் அமர்ந்திருப்போர் யாவர் என்பதை அறிவார். கோயில் மண்டபத்தில் கதை நிகழ்த்தும் பாகவதரும், தேவாலயத்தில் மறையுரை ஆற்றும் அருள்தந்தையும் அங்ஙனமே. கேட்போர் ஒரே நம்பிக்கையினர். ஒரு மேற்கோளின் தொடக்கத்தைச் சொன்ன அளவிலேயே அதன் முடிவை உணர வல்லவர். பேசுவோர்க்கு இது பெருந்துணையாகும்.

வானொலியில் பேசுவோர்க்கு இத்துணை வாய்ப்பதில்லை. அவர் ஒலிவாங்கியின் முன் தனித்து அமர்கிறார். கேட்போர் ஒருவரையும் அவர் காண்பதில்லை. அவர் சொல்லும் அதே சொல் அக்கிரகாரத்திலும், ஆதிதிராவிடர் தெருவிலும், பள்ளிவாசல் சந்திலும், மாதா கோயில் வளாகத்திலும் ஒரே நொடியில் ஒலிக்கிறது. பிடிக்காதவர் எழுந்து செல்ல வேண்டியதில்லை. திருகியைத் திருகினால் போதும். வள்ளுவப் பெருந்தகை 'அவையறிதல்' எனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும் காணவியலா அவையை அறிவது எவ்வாறு? சமயமும் அறமும் பற்றி அத்தகைய அவையில் ஒருவர் நாள்தோறும் பேச வேண்டுமாயின், எதனைச் சொல்வது, எதனை விடுப்பது?

இவ்வினாவிற்குத் தமிழில் விடைகண்டவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஆவார். அவர்தம் பணியையும், அப்பணியால் நாம் கற்க வேண்டியதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

வாழ்வும் பணியும்

இன்றைய அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த தென்கச்சிப்பெருமாள்நத்தம் என்னும் சிற்றூரே சுவாமிநாதனின் பிறப்பிடம். அவ்வூர்ப் பெயரின் முற்பகுதியே அவருக்கு அடையாளமாயிற்று. 'தென்கச்சி' என்றாலே போதும், தமிழ்நாட்டில் அவரை அறியாதார் இலர் என்னும் நிலை பின்னாளில் உருவாயிற்று. அவர் வேளாண்மைப் பட்டதாரி. சமயக் கல்வி நிலையம் எதிலிருந்தும் வந்தவரல்லர். தமிழ்ப் பேராசிரியரும் அல்லர். நெல்லும் உரமும் பூச்சியும் பற்றிப் படித்த ஒருவர் அறவுரையாளராக மாறினார் என்பது முதற்கண் நோக்கத்தக்கது.

1977-ஆம் ஆண்டில் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் அவர் பணியில் சேர்ந்தார். தொடக்கத்தில் அவர் ஈடுபட்டவை வேளாண் நிகழ்ச்சிகளே. 1984-இல் சென்னை நிலையத்திற்கு மாற்றலாகி, உதவி நிலைய இயக்குநர் நிலைக்கு உயர்ந்தார். 1988-இல் 'இன்று ஒரு தகவல்' தொடங்கிற்று. காலைப்பொழுதில் சில மணித்துளிகளே ஒலித்த அந்நிகழ்ச்சி ஏறத்தாழ 14 ஆண்டுகள் தொடர்ந்தது. 2002-இல் ஓய்வு பெற்ற பின்னர்த் தொலைக்காட்சியில் 'இந்த நாள் இனிய நாள்' என்னும் நிகழ்ச்சியில் பேசினார். வானொலியுரைகள் பல தொகுதிகளாக நூல்வடிவும் பெற்றன. 2009 செப்டம்பர் 16 அன்று அவர் காலமானார்.

வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவே. அவர் எந்த இயக்கத்தையும் தொடங்கவில்லை; எந்த மடத்தையும் நிறுவவில்லை. அரசு ஊதியம் பெற்று நாள்தோறும் கடமை ஆற்றிய ஓர் அலுவலர் அவர். அந்தக் கடமையைச் செய்த முறையே நம் ஆய்வுக்குரியது.

வானொலி என்னும் அவை

அம்முறையை உணர, அவர் பணியாற்றிய ஊடகத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். 'ஆல் இந்தியா ரேடியோ' என்னும் பெயர் 1936-இல் ஏற்பட்டது. சென்னை நிலையம் 1938-லும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-லும் தொடங்கின. அவற்றின் மத்திய அலை ஒலிபரப்பு நிலத்தைத் தழுவிச் செல்லும் இயல்புடையது. ஆதலின் நம் திண்டுக்கல் போன்ற சமவெளி ஊர்களிலும் நெடுந்தொலைவுக் குரல்கள் கேட்டன. பிற்காலத்தில் வந்த பண்பலையோ ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. உயரத்திலிருந்து ஒலித்தால்தான் தொலைவு எட்டும். நம் மாவட்டத்துக் கொடைக்கானலில், கடல்மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நின்று 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிக்கும் கோடைப் பண்பலை, மலையடிவாரத்துச் சமவெளியெங்கும் கேட்கப்படுவது இதனாலேயே ஆகும்.

மத்திய அலையாயினும் பண்பலையாயினும் ஓர் உண்மை பொது. அலைக்குச் சாதியும் தெரியாது, சமயமும் தெரியாது. ஆகவே ஒலிபரப்புவோர்க்கு நெறிமுறை தேவையாயிற்று. அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு நெறிகள், எந்தச் சமயத்தையும் எந்தச் சமூகத்தையும் தாக்கிப் பேசலாகாது என விதிக்கின்றன. இவ்விதி இன்றியமையாதது. எனினும் அது வேலியே ஆகும்; விளைச்சல் ஆகாது. 'இன்னது பேசற்க' என்று விதி கூறும். 'இன்னது பேசுக' என்று அது கூறாது. விதிக்கு அஞ்சிய பலர், எவரையும் புண்படுத்தாத, அதனாலேயே எவரையும் தொடாத வெற்றுச் சொற்களைப் பேசி அமைந்தனர். தென்கச்சியார் வேலியைத் தாண்டாமலே உள்ளே பயிரிட்டார் எனலாம்.

பயிர் என்று நாம் சொல்வது அணிக்காக மட்டுமன்று. வேளாண் ஒலிபரப்புக்கும் அவர்தம் அறவுரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையைத் தஞ்சை உழவரிடம் திருச்சி வானொலி எடுத்துச் சென்றது. உழவர்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றே வழங்கினர் என்பது வேளாண் வரலாற்றில் பதிவான செய்தி. பெட்டியிலிருந்து வந்த சொல்லை நம்பி உழவன் நிலத்தில் விதையிட்டான். சொன்னவர் பிழைபடச் சொல்லியிருப்பின் ஒரு பருவமே பாழாகியிருக்கும். வேளாண் ஒலிபரப்பாளர்க்கு ஆகவே மூன்று பண்புகள் வேண்டும்: எளிய சொல், செய்யத்தக்க அறிவுரை, கேட்போன் தன்னினும் பட்டறிவு மிக்கவன் என்னும் பணிவு. இம்மூன்றையும் தென்கச்சியார் வயலிலிருந்து அறத்திற்கு எடுத்து வந்தார் என்பது எம் துணிபு.

சொல்முறை

அவருடைய உரையைக் கேட்டவர் எவரும் முதலில் நினைவுகூர்வது குரலை. அது ஏற்ற இறக்கங்கள் மிகாத, அவசரமற்ற குரல். மேடை முழக்கம் அதில் இராது. திண்ணையில் அமர்ந்து ஒரு பெரியவர் பேசுவது போன்று இருக்கும். பிறரைச் சிரிக்க வைக்கும் இடத்தில் தாம் சிரிக்க மாட்டார். செய்தியொன்றைச் சொல்வார், அதனோடு தொடர்புடைய கருத்தொன்றை விளக்குவார், இறுதியில் ஒரு சிறு கதையோ நகைச்சுவைத் துணுக்கோ சொல்லி நிறுத்திக் கொள்வார். முல்லா கதையாயினும் துறவியர் கதையாயினும் கிராமத்து நிகழ்ச்சியாயினும் அவருக்கு ஒன்றே. கதை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையே அவர் கருதினார்.

இம்முறையின் ஆற்றலை விளக்க, பலரும் அறிந்த முல்லா நசுருத்தீன் கதையொன்றை நாமே எடுத்துக்கொள்வோம். இது அவரது நிகழ்ச்சியிலிருந்து எடுத்ததெனக் கொள்ள வேண்டா. செல்வர் ஒருவர் வீட்டு விருந்துக்கு முல்லா தம் அன்றாட உடையிலேயே போகிறார். எவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு திரும்பி, விலையுயர்ந்த அங்கியை அணிந்து மீண்டும் வருகிறார். இப்போது வாயிலிலேயே வரவேற்பு, தலைமை இருக்கை. உணவு வந்ததும் அங்கியின் கைப்பகுதியைத் தட்டில் தோய்த்து, "சாப்பிடு, அங்கியே, சாப்பிடு" என்கிறார். திகைத்தவர்களை நோக்கி, "விருந்து இதற்குத்தானே?" என்று கேட்கிறார்.

இக்கதையை இருவகையாகச் சொல்லலாம். கதை முடிந்தபின், செல்வச் செருக்கின் தீமை பற்றி அரைமணி நேரம் விரித்துரைப்பது ஒருவகை. கேட்போர் தலையசைப்பர், தம் பக்கத்தில் இருப்பவரைப் பற்றித்தான் பேச்சு என எண்ணிக்கொள்வர். முல்லாவின் வினாவோடு நிறுத்திவிடுவது மற்றொரு வகை. நிறுத்திய இடத்தில் மௌனம் உண்டாகிறது. அம்மௌனத்தில் தறிமேடையில் அமர்ந்திருப்பவருக்குத் தாம் கடைசிப் பந்தியில் அமர்த்தப்பட்ட ஒரு திருமண வீடு நினைவுக்கு வருகிறது. தோல் மண்டி முதலாளிக்குத் தாம் வாயிலில் நிற்க வைத்த ஓர் உறவினர் நினைவுக்கு வருகிறார். அறம் கேட்போர் நெஞ்சில் அவரவர் வாழ்விலிருந்தே முளைக்கிறது. இரண்டாம் வகையே தென்கச்சியார் வழி.

தமிழ் மரபிற்கு இது புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலில் வைத்தார். செய்யுளியலில் உரைநடையின் வகைகளைக் கூறுமிடத்து, பொருளோடு கூடிய நகைப்பேச்சையும் அவற்றுள் ஒன்றாகக் கொண்டார். வெறும் நகைப்பு வேறு, பொருளுடைய நகை வேறு என்னும் தெளிவு அப்பழங்காலத்திலேயே இருந்தது. இசுலாமியத் தமிழிலக்கியத்திலும் இதற்கு வேர்கள் உண்டு. வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572-இல் அரங்கேறியது. வினாவும் விடையுமாகச் சமய உண்மைகளை உணர்த்துவது. பின்வந்த 'கிஸ்ஸா' என்னும் கதையிலக்கிய வகை, ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்கும் வழக்கில் வாழ்ந்தது. வினா எழுப்பி நெஞ்சைத் திறப்பதும், கதை சொல்லி அதில் அறத்தை இறக்குவதும் நம் முன்னோர் அறிந்த வழிகளே. தென்கச்சியாரின் சில மணித்துளிகளில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தன.

கடல்கடந்த ஓர் ஒப்புமை

பிற நாட்டார் இதே சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் காணல் நன்று. இங்கிலாந்தின் பி.பி.சி. வானொலியில் காலைச் செய்தி நிகழ்ச்சிக்கு இடையே, 'அன்றைய சிந்தனை' எனப் பொருள்படும் பெயரில் மூன்று மணித்துளிக்கும் குறைந்த சமய உரையொன்று 1970 முதல் ஒலித்து வருகிறது. அங்குக் கிறித்தவர், யூதர், முசுலிம், இந்து, சீக்கியர் எனப் பல சமயத்தார் முறைவைத்துப் பேசுகின்றனர். ஒவ்வொருவரும் தம் சமயத்தின் சார்பாளராகவே பேசுவர். சமய நம்பிக்கையற்றோர்க்கும் அங்கு இடம் வேண்டும் என்னும் வழக்கும் நெடுங்காலமாக நடந்து வருகிறது.

அந்நிகழ்ச்சியில் பெரும்புகழ் பெற்ற யூத மத குரு லயனல் புளூ என்பார், 2016-இல் மறைந்தவர். அவரும் நகைச்சுவைத் துணுக்கோடு உரையை முடிப்பதற்குப் பெயர்பெற்றவர். ஒருவர் உரையை மற்றவர் கேட்டதற்குச் சான்றேதும் நாம் அறியோம். ஆயினும் வானொலி என்னும் அவை இருவருக்கும் ஒரே பாடத்தைப் புகட்டியது போலும். வேறுபாடும் ஒன்று உண்டு. அங்குச் சமயங்கள் பல, குரல்களும் பல. இங்குக் குரல் ஒன்று; அக்குரலுக்குள் பல சமயத்துக் கதைகளும் வந்து அமர்ந்தன. பிறர் வீட்டுக் கதையைத் தம் வாயால், அவ்வீட்டார் முகம் சுளியாவண்ணம் சொல்லுதல் எளிய செயலன்று.

எம் தெருவில் ஒரு காலை

நூலறிவால் மட்டும் இதனைச் சொல்லவில்லை. நாம் பள்ளிச் சிறுவராய் இருந்த காலத்து நிகழ்ச்சியொன்று இன்றும் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

எம் தந்தையார் திண்டுக்கல்லில் தோல் வணிகத்தில் கணக்கு எழுதியவர். சுபுஹு தொழுகைக்குப் பின் சற்று நேரம் ஓதிவிட்டு, தெருமுனைத் தேநீர்க் கடைக்குச் செல்வார். பல நாள் நாமும் உடன் செல்வோம். கடைக்காரர் இந்து. கடையில் ஒரு பழைய வானொலிப் பெட்டி. பூட்டுப் பட்டறைத் தொழிலாளரும், நாகல்நகர்த் தறிக்காரரும், தோல் ஷாப்புக்குப் போகிறவரும் அங்கே நின்று தென்கச்சியாரைக் கேட்பர். "பாய், நேத்துச் சொன்ன கதைய வீட்ல சொன்னேன், என் சம்சாரம் என்னையே பாத்துச் சிரிக்குது" என்று ஒருவர் சொல்வார். "உங்களுக்குத்தான்ணே சொல்லிருக்காரு" என்பார் எம் தந்தையார்.

1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதன்பின் மூன்று நாள் எம் தந்தையார் அக்கடைக்குச் செல்லவில்லை. எவரும் அவரைத் தடுக்கவில்லை. எவரும் ஏதும் சொல்லவும் இல்லை. சொல்லாமையே பெரிய சுவராய் நின்றது. நான்காம் நாள் காலை எம் கையைப் பற்றிக்கொண்டு அங்கே சென்றார். நின்றிருந்தோர் சற்று நகர்ந்து இடம் விட்டனர். பேச்சு எழவில்லை. பின்னர் வழக்கமான நேரத்தில் வழக்கமான குரல் வந்தது. அன்று சொன்ன கதை எதுவென்று நினைவில் இல்லை. இறுதித் துணுக்கைக் கேட்டதும் கடைக்காரர் சிரித்தார். அடுத்து எம் தந்தையார் சிரித்தார். பின் அனைவரும் சிரித்தனர் என்பது மட்டும் நினைவில் உள்ளது. சர்க்கரை குறைத்த தேநீர், கேளாமலே அவர் கைக்கு வந்தது.

அந்த நிகழ்ச்சி காயத்தை ஆற்றிவிட்டது எனக் கூறோம். அவ்வாறு கூறுவது உயிரும் உடைமையும் இழந்தோர்க்கு இழைக்கும் தீங்காகும். 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்து உயிர்கள் பலியான காலத்திலும் அதே நிகழ்ச்சி நாள்தோறும் ஒலித்தது. வெறுப்பை அது தடுத்துவிடவில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம். ஒருவரையொருவர் ஐயுற்று நோக்கிய நாள்களில், இருவர் வீட்டிலும் ஐயமின்றி நுழைந்த குரலாக அது இருந்தது. பல ஆண்டுகளாக நாள்தோறும் ஈட்டிய நம்பிக்கை, ஒரு கடினமான காலைப்பொழுதில் செலவுக்கு உதவிற்று.

ஐயங்களும் வரம்புகளும்

சமுதாயப் பெரியோர் சிலர் ஓர் ஐயம் எழுப்புவதுண்டு: எல்லாச் சமயக் கதைகளையும் ஒன்றாகக் கலந்தால் மார்க்கத்தின் தனித்தன்மை கரைந்துவிடாதா? நியாயமான வினாவே. கொள்கை விளக்கமும் சட்ட விளக்கமும் கற்றறிந்த ஆலிம்கள் வாயிலாகவே வர வேண்டும்; அதற்குரிய இடம் மதரசாவும் பள்ளிவாசலும். தென்கச்சியார் அப்பணியைச் செய்வதாக ஒருபோதும் காட்டிக்கொள்ளவில்லை. அண்டை வீட்டாரோடு பகிரத்தக்க பொது அறத்தையே அவர் பேசினார். வாய்மை, ஈகை, பெற்றோரைப் பேணல், செருக்கடக்கல் ஆகியன எந்த மார்க்கத்தாருக்கும் அயலானவை அல்ல. பொதுவானதைப் பேசியதால் சிறப்பானது அழிவதில்லை.

மற்றொரு வரம்பை நாமே சுட்டுதல் முறை. தனிமனிதன் திருந்தினால் யாவும் திருந்தும் என்னும் எண்ணத்தைக் குட்டிக்கதைகள் எளிதில் விதைத்துவிடும். விருந்தில் மனிதனை மதியாமை தனிமனிதக் குற்றம். ஒரு தெருவையே ஊருக்கு வெளியே வைத்தல் சமூகக் குற்றம். பின்னதைக் காலைநேர நகைத்துணுக்கு ஒன்றால் பேசிவிட இயலாது. அரசு ஊடகத்தின் அலுவலர்க்கு அதனைப் பேசும் உரிமையும் குறைவு. இவ்வரம்பை உணர்ந்து அவரைப் போற்றுவதே ஆய்வு நெறியாகும்.

முடிவுரை

வானொலிப் பெட்டியின் இடத்தை இன்று கைப்பேசி எடுத்துக்கொண்டது. மாணவச் செல்வங்களே! ஒலிபரப்பு நிலையம் இப்போது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஒருவர் பதிவு செய்த குரலை நொடிப்பொழுதில் நூறு பேருக்கு அனுப்புகிறீர்கள். அவற்றுள் சமயமும் அறமும் பற்றியவை மிகப்பல. பிற சமயத்தாரை இகழ்பவையும் அவற்றில் உள. யார் சொன்னார், எங்கே சொன்னார் என்னும் ஆதாரமற்றவையும் உள.

இங்கு இரண்டு அளவுகோல்களை உங்கள்முன் வைக்க விழைகின்றோம். முதலாவது நம் மார்க்க அறிஞர்கள் வகுத்தது. ஒரு ஹதீஸை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தனர் அவர்கள். சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர்தம் நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தனர். செவிவழிச் செய்தியை இத்துணைக் கவலையோடு ஆராய்ந்த சமுதாயத்தின் பிள்ளைகள், வந்ததை வந்தவாறே அனுப்புதல் தகுமா? இரண்டாவது தென்கச்சியார் வாழ்ந்து காட்டியது. 'நான் பேசப்போகும் இச்சொல்லை எதிர்வீட்டு இந்து அண்ணன், பக்கத்துத் தெருக் கிறித்தவத் தோழன், என் தாய், என் ஆசிரியர் ஆகிய அனைவரும் ஒருங்கே கேட்டுக்கொண்டிருந்தால் இதே தொனியில் சொல்வேனா?' என்று ஒருகணம் எண்ணுக. கூசாமல் 'ஆம்' என்று சொல்ல முடிந்தால் பேசுக. முடியாவிடின் சொல்லைத் திருத்துக; அன்றேல் விடுத்திடுக.

இத்துறையில் ஈடுபட விழையும் மாணவர்க்கு இன்னுமொன்று. ஐந்து மணித்துளிப் பேச்சுக்கு ஐந்து நாள் படிக்க வேண்டும். எழுதியதைப் பாதியாகக் குறைக்க வேண்டும். படித்துப் பார்க்க ஒரு முதியவரையும் ஒரு சிறுவரையும் தேட வேண்டும். அவ்விருவருக்கும் விளங்கினால் ஊருக்கே விளங்கும்.

எம் தந்தையார் இன்று இல்லை. அந்தத் தேநீர்க் கடையும் இல்லை. அவ்விடத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்று இருக்கிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம், கேளாமலே வந்த அந்தத் தேநீர் நினைவுக்கு வரும். நாள்தோறும் சிறிது நேரம், உண்மையும் கனிவும் நகையும் கலந்து பேசிய ஒரு குரல், அந்தக் கிண்ணம் கைமாறத் துணைநின்றது. அதனினும் பெரிய பயனை நாவுடையோர் வேறென்ன வேண்டுவர்?